காந்தப் புயல் வந்தால் வானத்துக் கிணறு என்ன ஆகும்?

பங்குனி மாதம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் எல்லைக்கல் தேடிக்கொண்டிருந்தோம். பங்காளிகளுக்குள் பாகம் பிரித்து முப்பது வருடமாகிறது. மூன்று கல் இருக்கிறது, நாலாவதைக் காணோம். டிஜிபிஎஸ், அதாவது வேறொரு நிலையத்தின் திருத்தத்தை வாங்கிச் சுத்தமாக இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி வைத்து அளக்கிற பையன் ஒருவன் வந்திருந்தான். கிளுவை வேலி ஓரமாக, அலைவாங்கி மாட்டிய ரோவர் கம்பியை ஊன்றி, ரசமட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது.

“அண்ணா, சாட்டிலைட் இருபதுக்கு மேல கெடைக்குதுங்க. ஆனா ஃப்ளோட்லயே நிக்குது. ஃபிக்ஸ் ஆவ மாட்டேங்குதுங்க.”

ஃபிக்ஸ் என்றால் இடம் ஓரிரு சென்டிமீட்டர் சுத்தமாகக் கிடைத்துவிட்டது என்று பொருள். ஃப்ளோட் என்றால் அரை மீட்டர்கூட முன்னே பின்னே இருக்கலாம். பங்காளிச் சண்டைக்கு அரை மீட்டர் தாராளமாகப் போதும். பெரியப்பா மகன் நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார். “மேகம்கூட இல்லீங்களே, அப்புறம் என்னத்துக்கு எடுக்க மாட்டேங்குது?” என்றார்.

மேகம் இல்லைதான். ஜிபிஎஸ் அலைக்கு மேகம் ஒரு பொருட்டும் இல்லை. அதற்கு இடைஞ்சலாக இருந்தது, மேகத்துக்கெல்லாம் மேலே, கண்ணுக்கே தெரியாமல் நிற்கிற வேறொன்று. அதன் பெயர் அயனி மண்டலம். அன்றைக்கு, சூரியனிலிருந்து கிளம்பி வந்து பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் காந்தப் புயல் எதுவும் அடித்ததா என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாதாரண நாளிலேயே இந்தப் பாடு என்றால் புயல் நாளில் என்ன நடக்கும் என்று படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் சாதாரண நாளைப் பார்த்துவிடுவோம். தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி 1000 கிலோமீட்டர் வரைக்கும், சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றிலுள்ள அணுக்களை அடித்து எலக்ட்ரான்களைப் பிய்த்து விடுகின்றன. அப்படிப் பிய்ந்த எலக்ட்ரான்களும், எலக்ட்ரானை இழந்த அயனிகளும் கலந்து கிடக்கிற பகுதிதான் அயனி மண்டலம். 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அது மிக அடர்த்தி. பகலில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் வரை இருக்கும். கேட்க அதிகமாகத் தெரிந்தாலும், அங்கேயும் பிய்யாத அணுக்கள்தான் பெரும்பான்மை.

இதை ஒரு கிணறாக நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. சூரியன்தான் ஊற்று. எலக்ட்ரான்கள் மறுபடி அயனிகளோடு சேர்ந்து காணாமல் போவது இறைப்பு. பொழுது ஏற ஏற ஊற்று பெருகும், மட்டம் உயரும். பொழுது விழுந்ததும் ஊற்று நின்றுவிடும், இறைப்பு மட்டும் நடக்கும். இந்தக் கிணற்றில் ஒரு விசேஷம் உண்டு. கீழே, காற்று அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இறைப்பு வேகம். மேலே போகப் போக மெதுவாகிவிடும். அதனால் 60–90 கிலோமீட்டரில் இருக்கும் அடி அடுக்கு சூரியன் மறைந்த சற்று நேரத்தில் கரைந்துவிடும், மேலடுக்கோ விடியும்வரை தாக்குப்பிடிக்கும்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். எங்கள் அப்பாரு சாளைத் திண்ணையில் டிரான்சிஸ்டரை வைத்து இலங்கை வானொலி கேட்பார். கொழும்பு இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பகலில் கரகரவென்று எங்கோ கேட்கும், இருட்டியதும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலத் தெளிந்துவிடும். மத்திய அலையைப் பகலில் அடி அடுக்கு உறிஞ்சிக்கொள்கிறது. ராத்திரியில் அந்த அடுக்கு இல்லை. அலை மேலடுக்கு வரை போய், பட்டு, கீழே திரும்புகிறது. “ராத்திரில காத்து சுத்தமா இருக்கும், அதான்” என்பார் அப்பாரு. பாதி சரி.

ஜிபிஎஸ் கதை வேறு. அந்த அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதில்லை, ஊடுருவி வந்துவிடும். ஆனால் எலக்ட்ரான்களுக்கு நடுவே வரும்போது தாமதமாகும். ஜிபிஎஸ் கணக்கு முழுக்க நேரக் கணக்கு என்பதால், தாமதம் என்றாலே தூரம் தப்பு. ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள தூண் ஒன்றைத் தரையிலிருந்து செயற்கைக்கோள் வரைக்கும் நிறுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பத்தாயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால் அது ஓர் அலகு. ஓர் அலகுக்குத் தூரம் 16 சென்டிமீட்டர் தப்பும். 50 அலகு என்றால் 8 மீட்டர். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் நம் பக்கத்து மத்தியானங்களில் 50 அலகு என்பது சர்வ சாதாரணம்.

அளக்கும் பையனின் கருவிக்குத் திருத்தம் சிம் கார்டு வழியாக வந்துகொண்டிருந்தது. திருத்தம் அனுப்பிய நிலையம் இருந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கேயும் இங்கேயும் தலைக்கு மேலே ஒரே அளவு எலக்ட்ரான் இருந்தால் இரண்டையும் கழித்தால் தப்பு போய்விடும். பங்குனி மத்தியானத்தில் அப்படிச் சமமாக இருப்பதில்லை. கழித்தும் மிச்சம் நிற்கும். அதுதான் ஃப்ளோட்.

நம் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பூமியின் நடுக்கோடு மாதிரியே காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அங்கே காந்தப்புலம் தரைக்குச் சாயாமல், மட்டமாக, தெற்கிலிருந்து வடக்கே படுத்திருக்கும். அந்தக் கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியது அந்தக் கோட்டுக்காகத்தான். கொங்கு நாடு அதற்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது.

காந்த நடுக்கோட்டில் பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் ஒன்று இயற்கையாகவே இருக்கும். கிழக்கே மின்புலம், வடக்கே காந்தப்புலம் என்றால் எலக்ட்ரானும் அயனியும் சேர்ந்து மேலே தள்ளப்படும். இது மோட்டார் போட்டு மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி. தொட்டியில் ஏறிய தண்ணீர் இரண்டு பக்க வாய்க்காலிலும் சரிந்து ஓடுகிறதல்லவா? அதேபோல மேலே போன எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் சரிகின்றன. இதை நீரூற்று விளைவு என்கிறார்கள். வடக்கே சரிந்தது அகமதாபாத், போபால் பக்கம் போய்க் குவிகிறது. ஏற்றிவிடுவது நம் வானம், விளைச்சல் அவர்களுக்கு.

இப்போது புயலுக்கு வருவோம். சூரியன் சில சமயம் தன் மேற்பரப்பிலிருந்து கோடிக்கணக்கான டன் மின்னூட்டப் பொருளைக் காந்தப்புலத்தோடு சேர்த்துக் கக்குகிறது. பூமிக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். வருகிற அந்த மின்னூட்ட மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் நமக்கு வேலை. பூமியின் காந்தப்புலம் வடக்கு நோக்கியது. எதிரும் எதிரும் முட்டும்போது இரண்டும் பிணைந்து, சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின்) ஆற்றல் உள்ளே புக வழி கிடைக்கிறது. வடக்கு நோக்கி வந்தால் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சூரியனில் சட்டென்று வெடித்துக் கிளம்பும் சூரியச் சுடர் வேறு, காந்தப் புயல் வேறு. சுடரின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்துவிடும். பகலாக இருக்கும் பக்கத்தில் அடி அடுக்கைத் திடீரென்று தடிப்பாக்கும், சிற்றலை வானொலி கொஞ்ச நேரம் ஊமையாகும், அவ்வளவுதான். காந்தப் புயல் பின்னால் வருவது, நாள்கணக்கில் நிற்பது. தொலைக்காட்சிச் செய்தியில் இரண்டையும் போட்டுக் குழப்பி, கடைசியில் “செல்போன் இயங்காது” என்று முடிக்கிறார்கள். செல்போன் கோபுரத்தின் அலை அயனி மண்டலத்தின் பக்கமே போவதில்லை. பயப்பட வேண்டாம்.

ஆற்றல் உள்ளே புகுவது துருவப் பகுதிகளில்தான். அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு அது எப்படி வந்து சேர்கிறது? இதுதான் விஷயத்தின் ருசியான இடம். துருவத்திலிருந்து இரண்டு ஆள் கிளம்புகிறார்கள். ஒருவர் போன் செய்கிறார், இன்னொருவர் பஸ் ஏறி வருகிறார்.

போனில் வருவது மின்புலம். துருவத்தில் உண்டாகும் மின்புலம் நிமிடங்களில் நடுக்கோடு வரை ஊடுருவிவிடும். சாதாரணமாகப் பூமியைச் சுற்றியுள்ள மின்னோட்டங்கள் எதிர்ப்புலம் ஒன்றைக் கட்டி இதைத் தடுத்துவிடும். ஆனால் சூரியக் காற்றின் காந்தப்புலம் திடீரென்று தெற்கே திரும்பும்போது, தடுப்பு சுதாரித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் புலம் உள்ளே வந்துவிடுகிறது. நமக்குப் பகலாக இருந்தால் அது கிழக்கு நோக்கி இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் இன்னொரு மோட்டார் போட்ட கதைதான். எலக்ட்ரான்கள் வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கப்படும், வழக்கத்தைவிடத் தூரமாகப் போய்ச் சரியும். வடக்கே குவியல் பெருகும், நம் தலைக்கு மேலே வற்றும். ராத்திரி என்றால் அதே புலம் மேற்கு நோக்கித் திரும்பிவிடும், அடுக்கைக் கீழே அழுத்தும். கீழே இறைப்பு வேகம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் எலக்ட்ரான் சீக்கிரம் தீரும்.

பஸ்ஸில் வருவது காற்று. துருவத்தில் மின்னோட்டம் பாய்ந்து மேல்வளிமண்டலம் சூடாகிறது. சூடான காற்று விரிந்து நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்குகிறது. முதல் அலை வந்து சேர மூன்று நான்கு மணி நேரமாகும். முழுக் காற்றோட்டமும் நிலைபெற இன்னும் நேரம் பிடிக்கும், அதன் பாதிப்பு மறுநாளும் தொடரும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்குள் நுழைவதுபோல இதற்கு ஒரு வாசல் கிடையாது. இரண்டு துருவத்திலிருந்தும் உலகம் சுற்றிலும் இறங்கி வரும். இந்தக் காற்று அயனிகளை இழுத்துக்கொண்டு ஓடும்போது அதுவே ஒரு டைனமோ ஆகி மின்புலத்தை உண்டாக்குகிறது. அது போனில் வந்த புலத்துக்கு நேர் எதிர். பகலில் மேற்கு நோக்கி, ராத்திரியில் கிழக்கு நோக்கி. அதாவது முதல் நாள் பகலில் மோட்டாரை இரட்டித்த அதே புயல், மறுநாள் பகலில் மோட்டாரையே அணைக்கப் பார்க்கிறது. புயல் ஒன்று, விளைவு இரண்டு. முதலில் படித்தபோது எனக்கு அச்சுப்பிழை என்றுதான் தோன்றியது.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. சூட்டில் கீழிருந்து நைட்ரஜன் மூலக்கூறுகள் மேலே ஏறுகின்றன. மேலடுக்கில் இருப்பவை பெரும்பாலும் ஆக்சிஜன் அயனிகள். அவை நைட்ரஜனோடு வினைபுரிந்து வேறு அயனியாக மாறுகின்றன. அந்தப் புது அயனி எலக்ட்ரானைச் சட்டென்று பிடித்து விழுங்கிவிடும். கிணற்றில் இறைப்பு திடீரென்று கூடிவிட்ட மாதிரி. ஐரோப்பா, அமெரிக்காவின் வட பகுதிகளில் புயலுக்கு மறுநாள் அயனி மண்டலம் வற்றிப்போவதும், சிற்றலையில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உயர்ந்த அலைவரிசைகளை விட்டுத் தாழ்ந்தவற்றுக்கு இறங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். மேல்வளிமண்டலம் விரிவதற்கு வேறு ஒரு விலையும் உண்டு. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் நாற்பதுக்குப் பக்கமாக, விரிந்த காற்றின் இழுப்பில் திரும்பி விழுந்து எரிந்துபோயின. அது பெரிய புயல்கூட இல்லை.

நம் ஊருக்கு மிக முக்கியமான நேரம் மத்தியானம் அல்ல, சாயங்காலம். பொழுது விழும் சமயத்தில் கிழக்கு மின்புலம் அணைவதற்கு முன்னால் ஒருமுறை தூக்கலாக எரியும். அடுக்கு மேலே போகும். அடியில் இருந்தது வேகமாகக் கரைந்துவிடுவதால், அடர்த்தியானது மேலேயும் லேசானது கீழேயும் நிற்கும். தண்ணீருக்கு அடியில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? குமிழ் குமிழாகக் கிளம்பும். அதேபோல எலக்ட்ரான் வற்றிய குமிழிகள் அயனி மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் அலை நட்சத்திரம்போலச் சிமிட்டும், சில நேரம் விட்டுப்போகும். இந்தியப் பக்கம் பங்குனியை ஒட்டியும் புரட்டாசியை ஒட்டியும் இது அதிகம்.

இந்தச் சாயங்கால நேரத்தில் புயலின் ‘போன்’ வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 மார்ச் 17 நல்ல சாட்சி. அன்றைய புயலின் ஊடுருவும் மின்புலம் இந்தியாவில் பொழுது சாயும் நேரத்தில் வந்தது. அடுக்கு 550 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கப்பட்டது. வலுவான குமிழிகள் கிளம்பி, 1600 கிலோமீட்டர் உயரம் தாண்டி வளர்ந்தன. அதே நேரத்தில் கொஞ்சம் கிழக்கே, தாய்லாந்து, இந்தோனேசியா பக்கம் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. அங்கே பொழுது விழுந்து நேரமாகியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது 2024 மே 10. அட்சய திருதியை. இரவு பத்தரை மணிவாக்கில், நகைக்கடைக் கூட்டம் வீடு திரும்பிய நேரம், பூமியில் புயல் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் காணாத பெரும் புயல். 2015 மார்ச் புயல் இதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. லடாக்கில் ஹான்லேவில் துருவ ஒளியால் வானம் சிவந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் மக்காச்சோளம் விதைக்கும் பருவம். ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் வரி பிசகிப்போய், பல விவசாயிகள் விதைப்பை நிறுத்திக் காத்திருந்தார்கள். இந்தியாவில் அப்படிப் பரவலான பாதிப்பு இல்லை. காரணத்தை இஸ்ரோ சொன்னது: புயலின் முக்கிய அடி இங்கே விழுந்தது அதிகாலையில், அயனி மண்டலம் முழுதாக உருவாகாத நேரத்தில். கிணறே வற்றிக் கிடக்கும்போது எதைத் தூக்க? அதனால், அடுத்த முறை “பெரிய புயல் வருகிறது” என்று செய்தி வந்தால், எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு, அது வரும்போது நம்ம ஊரில் மணி என்ன என்றும் கேளுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 2024 புயல் அதை அசைத்தது 400 அளவுக்கு, நூற்றில் ஒன்று. காந்த ஊசியைக் கையில் வைத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. 1859 செப்டம்பரில் வந்த புயலின்போது மும்பை கொலாபாவில் இருந்த கருவி 1600 அளவுக்குச் சரிவைப் பதிவு செய்திருக்கிறது. அன்றைக்குத் தந்திக் கம்பி தவிர கெடுவதற்கு வேறொன்றும் இல்லை.

இதையெல்லாம் கவனிக்கிற இடங்கள் நமக்குத் தூரம் இல்லை. பழனிக்குப் பின்னால் மலையேறினால் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம், 1899-லிருந்து இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக மேலே போனால் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி. அதை வைத்திருக்கும் மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. சரிவைத் தேடிப் பிடித்து 1970-இல் கட்டியிருக்கிறார்கள். தூரத்து ரேடியோ மூலங்கள் சிமிட்டுவதைப் பார்த்து, நடுவே சூரியக் காற்று எப்படி வருகிறது என்று அது சொல்லும். சூரியனைக் கவனிக்க இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலம் இன்னும் முன்னே போய், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நின்று பார்க்கிறது. அங்கே காந்தப்புலம் தெற்கே திரும்புவது தெரிந்தால், நம் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

கல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையனை அன்றைக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னோம். கம்பியை ஊன்றி, குமிழி நடுவுக்கு வருவதற்குள் திரையில் ஃபிக்ஸ் விழுந்துவிட்டது. அவன் காட்டிய இடத்தில் கடப்பாரை போட்டதும் கல்லில் இடித்தது. கிளுவை வேலிக்கு முக்கால் அடி உள்ளே, எங்கள் பக்கம். பெரியப்பா மகன் கல்லைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், அப்புறம் பையனிடம் கேட்டார்:

“ஏந்தம்பி, நேத்து மத்தியானம் என்ன காட்டுச்சு?”